ரோமிலிருந்து ஒரு நாளில் ஒர்வியெத்தோ: பாறை மேல் இருக்கும் ஊரை எந்த வரிசையில் பார்ப்பது?

ஒர்வியெத்தோவுக்கு முதல் தடவை போனபோது, எல்லாரையும் போல நானும் ரயிலை விட்டு இறங்கி, பேருந்து பிடித்து, நேராகப் பேராலயத்தின் முன்னால் போய் நின்றேன். காலை பத்தரை மணி. முகப்பு முழுக்கத் தங்க மொசைக். ஆனால் அது மேற்கு பார்த்த முகப்பு. வெயில் ஆலயத்தின் முதுகில் அடித்துக்கொண்டிருக்க, தங்கமெல்லாம் நிழலில் மங்கிக் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் இதற்கா இத்தனை பேச்சு என்று தோன்றியது. மாலையில் ஊர் சுற்றிவிட்டுத் தற்செயலாக அதே சதுக்கம் வழியாக வந்தேன். முகப்பு முழுக்கப் பற்றி எரிவது போல நின்றது. ரயிலுக்கு இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது.

இரண்டாவது தடவை அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது வரிசையை அப்படியே திருப்பிப் போட்டேன். முதலில் கிணறு, அப்புறம் நிலத்தடிக் குகைகள், அப்புறம் தெருக்கள், கடைசியில்தான் பேராலயம். வெளிச்சத்துக்காக மாற்றினேன். போகப் போக இன்னொன்றும் புரிந்தது: இந்த ஊரைக் கீழிருந்து மேலே பார்த்தால்தான் அது ஏன் இங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை

ரோமுக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டர், உம்ப்ரியா மாநிலம். எரிமலைச் சாம்பல் இறுகி உருவான பாறையை அங்கே டூஃபோ என்கிறார்கள். அந்தப் பாறை பள்ளத்தாக்கின் நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கிறது, அதன் தட்டையான தலையில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. முதலில் குடியிருந்தவர்கள் எட்ருஸ்கர்கள், ரோமானியர்களுக்கு முன்பே இத்தாலியின் இந்தப் பகுதியில் வாழ்ந்த மக்கள். அவர்கள் ஊருக்கு வெல்ஸ்னா என்று பெயர். கி.மு. 264-ல் ரோமானியர்கள் அதை அழித்து, மிஞ்சிய மக்களை இன்றைய போல்சேனா ஏரிக்கரைக்கு விரட்டினார்கள். பல நூற்றாண்டு கழித்துப் பாறை மேல் மறுபடி ஊர் முளைத்தபோது, லத்தீனில் ‘உர்ப்ஸ் வேத்துஸ்’, அதாவது பழைய ஊர் என்றார்கள். ஒர்வியெத்தோ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

எட்ருஸ்கர் காலத்திலிருந்தே இந்த ஊருக்கு ஒரே கவலைதான். பாறை எதிரியைத் தடுக்கும், ஆனால் தண்ணீர் தராது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் பார்க்கப் போகிற பாதி விஷயங்களுக்கு இதுதான் காரணம்.

எந்த நாள், என்ன எடுத்துப் போவது

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் கல் தெருக்களில் வெயில் வாட்டிவிடும். வியாழன், சனி காலைகளில் பியாட்ஸா தெல் போபொலோ சதுக்கத்தில் சந்தை கூடும். காய்கறி, பாலாடைக்கட்டி, தேன் எல்லாம் வரும். எனக்குப் பிடித்தது வியாழக்கிழமை, கூட்டமும் குறைவு. ஞாயிறு காலையில் பேராலயத்தில் திருப்பலி நடக்கும், சுற்றிப் பார்க்க மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். நாம் போகும் வரிசைக்கு அது தடையில்லை.

அடிப்பாகம் வழுக்காத, பழகிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கோடையிலும் ஒரு சால்வையோ மெல்லிய ஸ்வெட்டரோ வேண்டும்: நிலத்தடியில் குளிரும், ஆலயத்தில் தோள் மூட வேண்டும். பெரிய பெட்டியோடு போகாதீர்கள். கிணற்றிலும் குகையிலும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

ரயில்

ரோமா டெர்மினியிலிருந்து நேரடி ரயில்கள் உண்டு. வட்டார ரயிலான ‘ரெஜியோனாலே வெலோச்சே’ போதும். ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும், கட்டணம் பத்து யூரோவை ஒட்டி வரும். முன்கூட்டி வாங்கினாலும் அன்று காலை வாங்கினாலும் வட்டார ரயிலுக்கு ஒரே விலைதான், அவசரப்பட வேண்டாம். ஃப்ளாரன்ஸிலிருந்தும் வரலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஒரு நாள் பயணத்துக்கு ரோம்தான் வசதி.

மூன்று இடங்களில் ஆட்கள் தடுமாறுகிறார்கள். முதலாவது, நிலையத்துப் பலகையில் ஒர்வியெத்தோ என்று தேடாதீர்கள், ரயில் கடைசியாக நிற்கும் ஊரின் பெயர்தான் பெரும்பாலும் அங்கே ஓடும். ஃபிரென்ஸே, அதாவது ஃப்ளாரன்ஸ், என்று போட்டிருக்கும் ரயில்தான் உங்களுடையதாக இருக்கும். டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணை வைத்துக் கண்டுபிடியுங்கள். அடுத்தது நடைமேடை. அதைக் கடைசி நேரத்தில்தான் அறிவிப்பார்கள், டெர்மினியில் சில நடைமேடைகளுக்கு ரொம்ப தூரம் நடக்க வேண்டும், இருபது நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். மூன்றாவது, காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடைப் பக்கத்து இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். செயலியில் வாங்கியிருந்தால் அதிலேயே ‘செக்-இன்’ செய்ய வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் இதைச் செய்யாமல் அபராதம் கட்டியவர்கள் நிறைய.

எட்டு மணி வாக்கில் கிளம்பும் ரயிலைப் பிடித்தால் ஒன்பதரைக்கெல்லாம் இறங்கிவிடலாம். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். கடைசி சில நிமிடங்களில் பாறை திடீரென்று கண்ணில் படும்.

மேலே ஏறுவது

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே ஃபுனிகோலாரே. பழனியில் விஞ்ச் என்போமே, அதேதான். தண்டவாளத்தில் இரண்டு பெட்டிகள், ஒன்று ஏற ஒன்று இறங்கும். 1888-ல் தொடங்கியபோது இது தண்ணீர் எடையால் ஓடியது: மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் அது கனத்து இறங்கும், கீழ்ப்பெட்டி இழுபட்டு ஏறும். 1970-ல் நின்றுபோய், 1990-லிருந்து மின்சாரத்தில் ஓடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒன்று கிளம்பும், ஏறி முடிக்க இரண்டு மூன்று நிமிடம்.

ஒரே டிக்கெட்டில் மேலே இருந்து பேராலயம் வரை போகும் சிறு பேருந்திலும் ஏறலாம். எல்லாரும் அதற்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். கூட வருபவருக்கு நடக்கவே முடியாது என்றால் மட்டும் அந்தப் பேருந்து. மற்றபடி பியாட்ஸா காஹென் சதுக்கத்தில் இறங்கி, அப்படியே கிணற்றுப் பக்கம் திரும்புங்கள்.

எல்லா இடங்களுக்கும் சேர்த்து ‘கார்த்தா ஊனிக்கா’ என்று ஒரு கூட்டு டிக்கெட் விற்கிறார்கள். கிணறு, நிலத்தடி, பேராலயம் மூன்றை மட்டும் பார்ப்பதானால் தனித்தனியாக வாங்குவதே லாபமாக இருக்கலாம். அன்றைய விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் கிணறு

போட்ஸோ தி சான் பத்ரீட்ஸியோ, அதாவது புனித பாட்ரிக்கின் கிணறு. காலையில் முதல் ஆளாக இறங்கினால் கிட்டத்தட்ட நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

கதை 1527-ல் தொடங்குகிறது. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமுக்குள் புகுந்து சூறையாடியது. போப் ஏழாம் கிளமெண்ட் சாந்தாஞ்சலோ கோட்டைக்குள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து, டிசம்பரில் தப்பி ஒர்வியெத்தோவுக்கு வந்தார். தன் திருமணத்தை ரத்து செய்யச் சொல்லி இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி அனுப்பிய தூதர்கள்கூட அவரைத் தேடி இந்தப் பாறைக்குத்தான் வந்தார்கள். முற்றுகை இங்கேயும் வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது? கட்டடக் கலைஞர் இளைய அந்தோனியோ தா சங்கால்லோவிடம் கிணறு தோண்டச் சொன்னார். வேலை 1537-ல்தான் முடிந்தது. கிளமெண்ட் 1534-லேயே இறந்துவிட்டார்.

ஆழம் 53 மீட்டர், அகலம் 13 மீட்டர். நடுவில் கிணற்றுத் துளை, அதைச் சுற்றி ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சுழன்று போகும் இரண்டு படிவழிகள். ஒன்று இறங்க, ஒன்று ஏற, ஒவ்வொன்றிலும் 248 படி. இரண்டும் அடியில் மட்டும்தான் ஒரு சிறு பாலத்தில் சந்திக்கும். கோவேறு கழுதைகள் காலிக் குடங்களோடு ஒரு வழியாக இறங்கி, தண்ணீரோடு மறு வழியாக ஏறும், எதிரெதிரே முட்டிக்கொள்ளாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. 248 படி என்றதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். “ஏண்டி, கிணத்துல போய் என்ன பார்க்கப் போறோம்?” நான்தான் வற்புறுத்தினேன். முதல் சுற்று இறங்கியதும் அவளே குனிந்து படியைப் பார்த்தாள். உயரமே இல்லை, ஒவ்வொரு படியும் ஒரு சிறு திண்ணை போல அகலமாய், சாய்வாய் இருந்தது. “கழுதைக்குக் கட்டின படி, அதான் காலுக்கு நோகல” என்றாள். உண்மைதான். மனிதக் காலுக்காகக் கட்டிய பல கோபுரங்களைவிட இது ஏற எளிது. ஏறும்போது மட்டும் பத்து ஜன்னலுக்கு ஒரு தடவை நின்றோம்.

துளையைச் சுற்றி 70 ஜன்னல்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் அவற்றின் வழியாகத்தான் படிகளுக்கு வருகிறது. இறங்க இறங்க அது பச்சையாகி, பிறகு சாம்பலாகிறது. பாதி வழியில் சுவரைக் கவனியுங்கள். மேலே டூஃபோ பாறையை வெட்டி அப்படியே விட்டிருக்கிறார்கள், கீழே செங்கல். பாறைக்கு அடியில் களிமண் என்பதால் செங்கல் வைத்துக் கட்டினால்தான் நிற்கும். ஊர் எதன் மேல் நிற்கிறது என்பதை இந்தச் சுவரைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. எதிர் ஜன்னலில் ஒரு முகம் தெரியும், கை அசைப்பார்கள். ஆனால் அவர்கள் ஏறும் வழியில் இருக்கிறார்கள், நீங்கள் இறங்கும் வழியில். அடிப்பாலம் போகும்வரை அவர்கள் பக்கம் போக முடியாது.

இத்தாலியர்கள் அள்ள அள்ளக் குறையாத பணப்பையை ‘சான் பத்ரீட்ஸியோ கிணறு’ என்பார்கள். நாம் அட்சய பாத்திரம் என்கிற இடம் அது.

மேலே வந்ததும் பக்கத்தில் பழைய கோட்டை இருக்கிறது, இப்போது பூங்கா. உட்கார பெஞ்சு உண்டு, பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். வியர்வை ஆறும்வரை இருந்துவிட்டு நகருங்கள்.

அப்புறம் நிலத்தடி

கோர்ஸோ கவூர் என்ற பெரிய தெரு வழியாக மெதுவாக ஏறினால் கால் மணி நேரத்தில் 47 மீட்டர் உயரமுள்ள தோர்ரே தெல் மோரோ கோபுரம் வரும். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் பேராலயச் சதுக்கம். முகப்பு இப்போது நிழலில் இருக்கும். ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், மாலையில் ஒப்பிட உதவும்.

சதுக்கத்திலிருந்தே நிலத்தடிச் சுற்றுலா கிளம்புகிறது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். ஒரு மணி நேரம் ஆகும். ஆங்கிலத்தில் நடக்கும் சுற்றுகள் ஒரு நாளைக்குச் சிலதான், அதனால் முந்தைய நாளே நேரம் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். பதினொன்றோ பன்னிரண்டேகாலோ கிடைத்தால் சரியாக இருக்கும்.

ஊருக்கு அடியில் 1,200-க்கும் மேற்பட்ட குகைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். டூஃபோ மென்மையான கல், தோண்டுவது எளிது. வீட்டுக்குக் கல் வேண்டுமா, வீட்டுக்கு அடியிலேயே வெட்டு. வெட்டிய பள்ளத்தில் திராட்சை ரசம் வை, எண்ணெய் ஆட்டு. இரண்டரை ஆயிரம் ஆண்டாக இதுதான் நடந்திருக்கிறது. ஒரு குகையில் ஆலிவ் ஆட்டும் பழைய செக்கைப் பார்க்கலாம். என்னை நிறுத்திவைத்தவை இரண்டு. ஒன்று எட்ருஸ்கர் கிணறுகள்: ஓர் ஆள் நுழையும் அளவு குறுகிய செவ்வகத் துளை, இரண்டு பக்கச் சுவரிலும் கால் வைக்கச் சிறு குழிகள். ஒரு காலை இங்கே, ஒரு காலை அங்கே வைத்து அப்படியே இருட்டுக்குள் இறங்கித் தோண்டியிருக்கிறார்கள். இன்னொன்று புறா அறைகள். சுவர் முழுக்கச் சதுரச் சதுரமாய் மாடப்பிறைகள். பாறையின் வெளிமுகத்தில் ஒரு ஜன்னல், புறாக்கள் அதன் வழியாகப் பறந்துபோய்ப் பள்ளத்தாக்கில் மேய்ந்துவிட்டு வரும். முற்றுகை நடந்தாலும் சமையலுக்குப் புறா கிடைக்கும். இன்றும் அந்த ஊர் உணவகங்களில் புறாக்கறி உண்டு.

சில இடங்களில் வழி தோளை உரசும் அளவு குறுகல். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுபவர்கள் முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

இந்தத் தோண்டலுக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பாறை ஓரங்கள் சரியத் தொடங்கியதால் 1978-ல் இத்தாலிய நாடாளுமன்றம் ஒர்வியெத்தோவையும் தோதி என்ற இன்னோர் உம்ப்ரியா ஊரையும் காப்பாற்றவே தனிச் சட்டம் இயற்றியது.

சாப்பாடு

ஒரு மணி ஆனதும் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டரைக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கடைகளும் மதியம் சாத்தி மாலைதான் திறக்கும். சதுக்கத்திலேயே சாப்பிடாமல் இரண்டு சந்து தள்ளிப் போனால் விலை குறையும்.

ஊர் உணவு உம்ப்ரிகெல்லி: முட்டை சேர்க்காமல், மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து கையால் உருட்டிய தடித்த நூல் பாஸ்தா. காரத் தக்காளிக் குழம்போடு, ‘அல்லாரபியாத்தா’ என்று கேட்டால் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். ட்ரஃபிள் காளான் சீவிப் போட்டதும் உண்டு. அசைவக்காரர்கள் காட்டுப்பன்றிக் குழம்பைத் தவறவிடக் கூடாது. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பேக்கரியில் நத்தை போலச் சுருட்டிய லுமக்கெல்லே ரொட்டி அழகாக இருக்கும், ஆனால் உள்ளே பன்றித் தொடைக்கறித் துண்டு இருக்கும். வெறுமனே வெஜிடேரியன் என்று சொல்வதோடு நிறுத்தாமல் “சென்ஸா கார்னே, சென்ஸா ப்ரொஷூத்தோ”, அதாவது இறைச்சி வேண்டாம், பன்றித் தொடைக்கறி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் அது உட்கார்ந்ததற்கான வழக்கமான கட்டணம், ஏமாற்று இல்லை. குடிப்பவர்களுக்கு ஒர்வியெத்தோ கிளாஸிக்கோ வெள்ளை ஒயின் இருக்கிறது, கீழே தெரியும் சரிவுகளில் விளைந்தது.

மேற்கு முனை

சாப்பிட்டதும் ஊர் தூங்கும் நேரம். அதுதான் நடக்க நல்ல நேரம். பன்னிரண்டு பக்கக் கோபுரம் கொண்ட சாந்த் அந்த்ரேயா ஆலயத்தைத் தாண்டி, வியா மலபிராங்கா வழியாக மேற்கே போய்க்கொண்டே இருங்கள். பயணிகள் குறைந்து, பூந்தொட்டிகளும் துணி காயும் ஜன்னல்களும் வரும். முனையில் சான் ஜொவெனாலே, 1004-ல் எழுப்பிய சிறு ஆலயம். உள்ளே தூண்களில் பாதி அழிந்த சுவரோவியங்கள். வெளியே மதில் மேல் கை ஊன்றி எட்டிப் பாருங்கள், பாறை நேர்கீழே போகிறது. வேறு எதையாவது விட்டாலும் இந்த முனையை விடாதீர்கள்.

கால் தெம்பாக இருந்தால் வியா தெல்லா காவா தெருவில் இறங்கி, 36 மீட்டர் ஆழமுள்ள போட்ஸோ தெல்லா காவாவைப் பார்க்கலாம். மறந்தே போயிருந்த அந்தக் கிணற்றை 1984-ல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள்.

கடைசியில் பேராலயம்

நான்கு மணிக்குச் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். குளிர்காலத்தில் இரண்டரைக்கே. இருட்டும் சீக்கிரம், ஆலயமும் சீக்கிரம் மூடும். டிக்கெட்டைச் சதுக்கத்து அலுவலகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உள்ளே போகும் முன் முகப்பின் அடித்தூண்கள் நான்கையும் பாருங்கள். 1290-ல் தொடங்கிய வேலை தள்ளாடியபோது, 1310-ல் சியெனாவைச் சேர்ந்த சிற்பி லொரென்ஸோ மைத்தானியிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். படைப்பிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை பைபிள் முழுதும் இந்தத் தூண்களில் புடைப்புச் சிற்பமாக ஏறுகிறது. இடது ஓரத் தூணில் தூங்கும் ஆதாமின் விலாவைக் கடவுள் திறக்கிறார். வலது ஓரத்தில் நரகத்துக்குப் போகிறவர்களின் வாய் அலறலில் திறந்திருக்கிறது. கண் உயரத்திலேயே இருப்பதால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

உள்ளே வலப்பக்கம் சான் ப்ரீட்ஸியோ சிற்றாலயம். 1447-ல் ஃப்ரா ஆஞ்செலிக்கோ கூரையில் தொடங்கி விட்டுப்போனதை 1499-லிருந்து 1504 வரை லூக்கா சின்யொரெல்லி வரைந்து முடித்தார். உலக முடிவுதான் பொருள். இடப்பக்கச் சுவரில் எதிர்க்கிறிஸ்து, அதாவது உலக முடிவுக்கு முன் வரும் போலிக் கிறிஸ்து, பீடத்தில் நின்று பேசுகிறான், முகம் இயேசுவைப் போலவே. காதருகே சாத்தான் ஓதுகிறான். அங்கேயே நின்று எதிர்க்கிறிஸ்துவின் இடது கையைப் பாருங்கள். அது யாருடைய கை? அவன் அங்கிக்குள் இருந்து வருவது சாத்தானின் கை போலவே தெரியும். அதே ஓவியத்தின் இடது ஓரத்தில் கறுப்பு உடையில் இருவர்: சின்யொரெல்லியும் ஃப்ரா ஆஞ்செலிக்கோவும். எதிரில் இறந்தவர்கள் தரைக்குள்ளிருந்து கையூன்றி எழுகிறார்கள், சிலர் இன்னும் எலும்புக்கூடாகவே. மைக்கலாஞ்சலோவின் இறுதித் தீர்ப்புக்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தியது இது.

அம்மா அதிக நேரம் நின்றது எதிர்ப்பக்கச் சிற்றாலயத்தில். 1263-ல் போல்சேனாவில், சந்தேகத்தோடு திருப்பலி நிறைவேற்றிய ஒரு குருவின் கையில் அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்ததாக நம்பிக்கை. அந்தக் கறை படிந்த துணியை இங்கேதான் வைத்திருக்கிறார்கள். அப்போது ஒர்வியெத்தோவில் தங்கியிருந்த போப் நான்காம் உர்பன், அடுத்த ஆண்டு இந்த ஊரிலிருந்துதான் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை உலகத் திருச்சபை முழுதுக்குமாக அறிவித்தார். அன்று பாடும் பாடல்களை இயற்றியவராகச் சொல்லப்படும் இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸும் அந்த ஆண்டுகளில் இங்கே இருந்தவர். அம்மா தூத்துக்குடிக்காரி. வருஷம் தவறாமல் அந்த விழாவின் நற்கருணைப் பவனியில் நடந்தவள். “நம்ம பவனி இங்கேயிருந்தா வந்துச்சு?” என்று மெல்லக் கேட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலிட்டாள். காலையில் வலிக்கிறது என்ற அதே முழங்கால். இந்த விழா மே கடைசியிலோ ஜூனிலோ வரும், அன்று ஊரில் பழங்கால உடையணிந்த ஊர்வலம் நடக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் தங்க இடம் மாதக்கணக்கில் முன்பே பிடியுங்கள், ஒரு நாள் பயணம் அன்றைக்குச் சரிப்படாது.

வெளியே வரும்போது வெயில் முகப்பில் நேராக விழுந்துகொண்டிருக்கும். எதிர்ச் சுவரை ஒட்டிய கல் திண்டில் உட்காருங்கள். மொசைக் கட்டங்கள் ஒரே சீராக மின்னாது. நீங்கள் தலையை அசைத்தால் ஒரு பகுதி அணைந்து இன்னொரு பகுதி பற்றிக்கொள்ளும். குறைந்தது அரை மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள்.

திரும்புவது

விஞ்ச் இரவு எட்டு எட்டரை வரைதான் ஓடும். கடைசிப் பெட்டி எப்போது என்பதைக் காலையில் ஏறும்போதே பலகையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு பேருந்துதான். சதுக்கத்திலிருந்து காஹெனுக்கு நடக்க இருபது நிமிடம், இறங்க ஐந்து, நடைமேடையில் பத்து. ரயில் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் எழுந்தால் ஓட வேண்டியிராது.

பக்கத்தில் சிவித்தா தி பாஞ்ஞொரேஜோ என்று ஒரு ஊர் இருக்கிறதே, அதையும் அதே நாளில் சேர்த்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பேருந்து குறைவு, ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. சேர்த்தால் இரண்டு ஊரும் அரைகுறையாகும். அதற்கு இன்னொரு நாள் வையுங்கள்.

ரோமுக்குத் திரும்பும்போது வலப்பக்க ஜன்னல். வண்டி கிளம்பி முதல் சில நிமிடம் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுப் பின்பக்கமாகத் திரும்பிப் பாருங்கள், பாறை தெரியும்.